நாய் சம்மதித்தால் நல்லது

நியூ ஜெர்ஸியின் வெஸ்ட் வின்ட்சர் வாசகர் ஒருவர், "வயதான காலத்தில் நாய் வளர்ப்பது நல்லதா?" என்று கேட்டிருந்தார். "நல்லது, நாய் சம்மதித்தால்" என்று ஒற்றை வரியில் பதில் எழுதினேன். ஒற்றை வரியில் தப்பிக்க விடமாட்டோம் என்று பலர் எழுதிவிட்டார்கள். ஆகவே இந்த முறை முழுக்க நாய்தான். பூனைக்காரர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு, பதில் பிடிக்காது.

எனக்கு 71 வயது. 'அப்பா, உங்களுக்குத் துணையா இருக்கட்டும்' என்று மகன் நாய் வாங்கப் போகிறான். நம்பலாமா?
*ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், வெஸ்ட் வின்ட்சர்*

நாயை நம்பலாம். மகனிடம் மட்டும் சில கேள்விகள் கேளுங்கள். ஜனவரி மாதம், காலை ஆறு மணி, வெளியே பனி உறைந்து கிடக்கிறது. நாயை வெளியே கூட்டிப்போவது யார்? ஊசிக்கும் மருந்துக்கும் பணம் கட்டுவது யார்? நீங்கள் மூன்று மாதம் கும்பகோணத்துக்குப் போய்விட்டால் பார்த்துக்கொள்வது யார்? 'நான் பாத்துக்கறேன் தாத்தா' என்று பேத்தி சத்தியம் செய்திருப்பாள். நீச்சல், வயலின், கணக்கு டியூஷன் போக அவளுக்கு மிஞ்சுவது எத்தனை நிமிடம்?

எல்லாவற்றுக்கும் 'அப்பா' என்றே பதில் வந்தால், மகன் உங்களுக்குத் துணை தேடவில்லை, நாய்க்கு ஆள் எடுக்கிறான். கையெழுத்துப் போடும் முன் ஷரத்துகளைப் படிக்கிற தொழிலில் இருந்தவர் நீங்கள். படித்த பிறகும் வேலை பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள். நாயால் கிடைக்கிற நன்மையில் முக்கால்வாசி அந்த வேலையில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் தலையில் கட்டப்பட்டதாக இருக்கக் கூடாது, நீங்களே கேட்டு வாங்கியதாக இருக்க வேண்டும்.

நாய் வளர்த்தால் ஆயுள் கூடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
*ஒரு வாசகர், எடிசன்*

வாட்ஸ்அப்பில் வந்தும் பாதி உண்மை என்பதே ஆச்சரியம்.

1980இல் வெளியான ஓர் ஆய்வில் எரிகா ஃபிரீட்மனும் அவருடைய சகாக்களும் மாரடைப்பு போன்ற இதயக் கோளாறுகளுக்காக மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பியவர்களை ஓராண்டு கவனித்தார்கள். செல்லப்பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேர் இறந்தார்கள். இல்லாத 39 பேரில் 11 பேர். சின்னக் கணக்குதான், ஆனால் பெரிய பேச்சானது. 2017இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் 40 முதல் 80 வயது வரை 34 லட்சம் பேரின் பதிவேடுகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே நாயையும் அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்பதால் யார் வீட்டில் நாய் என்பது தெரிந்துவிடும். 12 ஆண்டுக் கணக்கில், தனியாக வாழ்ந்து நாய் வளர்த்தவர்களுக்கு மரண அபாயம், தனியாக நாயும் இல்லாமல் இருந்தவர்களைவிட 33 விழுக்காடு குறைவு. 'தனியாக' என்பதைக் கவனியுங்கள். வீட்டில் வேறு ஆள் இருந்தால் பலன் இவ்வளவு இல்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே: ஆள் இருந்தால் நாயை ஆளிடம் தள்ளிவிடுவோம்.

இனி மீதிப் பாதி. நாய் வளர்ப்பதால் ஆரோக்கியமா, நடமாடத் தெம்புள்ளவர்கள்தான் நாய் வளர்க்கிறார்களா என்பதை இந்தக் கணக்குகள் பிரித்துச் சொல்வதில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் நிதானமாகச் சொன்னது: நாய் வளர்ப்புக்கும் இதய நோய் அபாயம் குறைவதற்கும் தொடர்பு இருக்கலாம், ஆனால் அதற்காகவே நாய் வாங்காதீர்கள். எனக்கும் அதே கருத்து. மருந்து என்று வாங்கிய நாய்க்கு, பலன் தெரியாத மருந்தின் கதிதான் நேரும்.

நாயைத் தடவினால் பிபி குறையுமாமே? மாத்திரையை நிறுத்திவிடலாமா?
*ஒரு மாமி, பிளெயின்ஸ்பரோ*

கூடாது மாமி. கேரன் ஆலன் என்ற ஆய்வாளர் தனியாக வாழ்ந்த 48 நியூயார்க் பங்குத் தரகர்களுக்கு பிபி மாத்திரை கொடுத்து, அவர்களில் பாதிப் பேரை நாயோ பூனையோ வளர்க்கச் சொன்னார். சும்மா இருக்கும்போது எல்லோருக்கும் பிபி இறங்கியது. அது மாத்திரையின் வேலை. டென்ஷன் கொடுத்துப் பார்த்தபோது, பிராணி வைத்திருந்தவர்களுக்குக் குறைவாக ஏறியது. அது பிராணியின் வேலை. இரண்டும் வேறு வேறு டிபார்ட்மென்ட். மாத்திரையைப் போட்டுக்கொண்டே தடவுங்கள்.

நாயா, பூனையா?
*இருவர் கேட்டிருக்கிறார்கள், ஒரே வீட்டு விலாசம்*

டோக்கியோவில் 65 முதல் 84 வயது வரை 11,194 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. நாய் வைத்திருந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு 40 விழுக்காடு குறைவு. அதிலும் நடக்கிற, நாலு பேரோடு பழகுகிற நாய்க்காரர்களுக்கே இந்தப் பலன். பூனைக்காரர்களுக்கு ஒன்றுமில்லை. பூனையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கொட்டாவி விடும்.

நடைதான் முக்கியம் என்றால் பேஸ்மென்டில் டிரெட்மில் இருக்கிறதே! நாய் எதற்கு?
*பெயர் வேண்டாம், வெஸ்ட் வின்ட்சர்*

அதன் மேல் இப்போது என்ன காய்கிறது, துண்டா வேட்டியா?

டிரெட்மில் காலையில் கதவருகே வந்து முனகாது; நேற்று வரவில்லையே என்று முகத்தைப் பார்க்காது. பிரிட்டனில் 65 வயதைத் தாண்டிய நாய்க்காரர்களையும் நாயில்லாதவர்களையும் ஒப்பிட்டு 2017இல் வந்த ஆய்வில், நாய்க்காரர்கள் தினமும் 22 நிமிடம் கூடுதலாக நடந்தார்கள். 2,760 அடிகள் கூடுதல். ஆய்வில் பங்கு வகித்தது செல்லப்பிராணி உணவு விற்கும் மார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அடிகளை எண்ணியது காலில் கட்டிய கருவி, கம்பெனி அல்ல.

மகளும் மருமகனும் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறிவிடுகிறார்கள். குழந்தைகள் ஸ்கூல் பஸ்ஸில். ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். கார் ஓட்டத் தெரியாது, இங்கிலீஷும் சரளமில்லை. பேச ஆளில்லை. நாய் வந்தால் இது மாறுமா?
*ஓர் அம்மா, வயது 68*

மாறும் அம்மா, ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் அல்ல. நாயோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். பேசலாம், தமிழ் ஒரே மாதத்தில் கற்றுக்கொள்ளும், பேரப்பிள்ளைகளைவிட வேகமாக. ஆனால் பெரிய லாபம் தெருவில் இருக்கிறது.

நம்மூரில் தெருவில் நிற்க ஒருவருக்குக் காரணம் வேண்டியதில்லை. காய்காரர், கோயில், எதிர்வீட்டுத் திண்ணை, எதுவும் இல்லாவிட்டால் வெறும் வேடிக்கை. இங்கே நடைபாதை துடைத்துவிட்டது போல இருக்கும். மனிதர்கள் காருக்குள் இருப்பார்கள். புடவைக்கு மேல் கோட்டும், தலையில் குல்லாவும், காலில் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக நீங்கள் தனியாக நடந்தால் யாரும் நின்று பேசமாட்டார்கள். அதே நீங்கள் ஒரு நாயோடு நடந்தால், எதிரே வருகிறவர் நின்று நாயின் பெயர் கேட்பார். வார்விக் பல்கலைக்கழகத்தின் மெக்நிக்கோலஸும் காலிஸும் 2000இல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரே ஆள், ஒருமுறை நல்ல உடையில், ஒருமுறை கந்தல் கோலத்தில், நாயோடும் நாயில்லாமலும். உடை ஏற்படுத்திய வித்தியாசம் கொஞ்சம். நாய் ஏற்படுத்திய வித்தியாசம் மிக அதிகம். ஆகவே அந்தக் கோட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

இங்கிலீஷும் தடையில்லை. நாய்க்காரர்களின் உரையாடலுக்கு மூன்று விஷயம் போதும்: அதன் பெயர், வயது, என்ன இனம். அவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள். பிறகு நீங்கள் கேட்பீர்கள், அவர் சொல்வார். நாளைக்கு அவர் உங்கள் பெயரை மறந்து நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பரவாயில்லை, வணக்கம் வணக்கம்தான். மெர்சர் கவுன்டி பார்க்கில் வேலி போட்ட நாய்ப் பூங்கா இருக்கிறது. நாய்கள் ஓடும்போது மனிதர்களுக்கு நின்று பேசுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. ஆனால் அதுவரை கொண்டுபோய் விட வார இறுதியில் மருமகனைப் பிடிக்க வேண்டும்.

கசப்பான ஒன்றையும் சொல்கிறேன். 2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் மேடிசன் நகரில், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் குஜராத்திலிருந்து வந்திருந்த சுரேஷ்பாய் படேல், மகன் வீட்டுத் தெருவில் காலையில் நடந்துகொண்டிருந்தார். யாரோ சந்தேகப்படும்படி நடமாடுவதாக அக்கம்பக்கத்தில் ஒருவர் போலீசுக்குச் சொல்லிவிட்டார். ஆங்கிலம் தெரியாத அந்த 57 வயது மனிதரைப் போலீஸ்காரர் தரையில் வீழ்த்தினார்; கழுத்தில் அடிபட்டு, கைகால்கள் பாதி செயலிழந்தன. ஜூரிகள் இரண்டு முறை முடிவுக்கு வர முடியாமல் போக, 2016 ஜனவரியில் நீதிபதி அந்தப் போலீஸ்காரரை விடுவித்தார். நியூ ஜெர்ஸி அலபாமா இல்லை. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிற ஊரில் பயப்பட வேண்டாம். ஆனால் கையில் நாயோடு போகிற பெரியவரைப் பார்த்து 'இவர் எதற்கு இங்கே நடக்கிறார்' என்று யாரும் கேட்பதில்லை. அது நியாயமா என்றால், இல்லை. நடப்பு அப்படி.

வீட்டில் பூஜை அறை இருக்கிறது. நாய் வந்தால் தீட்டு என்கிறார் என் மனைவி.
*ஒரு பெரியவர், ராபின்ஸ்வில்*

பைரவர் எதன் பக்கத்தில் நிற்கிறார் என்று மெதுவாகக் கேளுங்கள். தம்பிகளும் மனைவியும் வழியில் விழுந்த பிறகு தர்மபுத்திரரோடு கடைசிவரை நடந்தது யார் என்றும் கேட்கலாம். தமிழ்ச் சான்று வேண்டுமா? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. போரிட்டு மடிந்த வீரன் கருந்தேவக்கத்தியின் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும், அது கள்ளரைக் கடித்து நின்றதையும் கல்வெட்டே சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் நாய்க்குக் கல் வைத்த ஊர்க்காரர்கள் நாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அவர் சொல்வதுதான் சட்டம். பூஜை அறைக்கும் அடுக்களைக்கும் குழந்தைகளுக்குப் போடுகிற மாதிரி ஒரு தடுப்புக் கதவு போட்டுவிடுங்கள். நாய்க்கு எல்லை சொல்லிக்கொடுத்தால் புரியும். முடி கொட்டும் என்பதுதான் நிஜமான ஆட்சேபம். அதற்குப் புராணத்தில் பதில் இல்லை.

எங்கள் நாய்க்கு நம்ம சாப்பாடு கொடுக்கலாமா? மருமகள் கூடவே கூடாது என்கிறாள்.
*ஒரு பாட்டி, வெஸ்ட் வின்ட்சர்*

இந்த ஒரு விஷயத்தில் மருமகள் கட்சி. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். ஆகவே சாம்பார் சாதம் கிடையாது. திராட்சை, அதிலும் உலர்திராட்சை, சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே பண்டிகை நாளில் பாயசக் கிண்ணத்தை நக்கவிடாதீர்கள். சாக்லெட் கூடாது. உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருந்தால் இன்னொன்று: சர்க்கரை இல்லாத சூயிங் கம், மிட்டாய்களில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கலாம். நாய்க்கு அது ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கி உயிருக்கே உலை வைக்கும். கைப்பையைத் தரையில் வைக்காதீர்கள்.

தாளிக்காத, உப்பில்லாத தயிர் சாதம் ஒரு கவளம் என்றால் மருமகளிடம் நான் சொல்லமாட்டேன்.

35 வருஷம் அரசுப் பணியில் இருந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவன். நாய் போவதை நானே பையில் அள்ள வேண்டும் என்கிறார்களே?
*வெஸ்ட் வின்ட்சர்*

ஆம் ஐயா, நீங்களேதான். அள்ளாமல் போனால் உள்ளூர் விதிப்படி அபராதம். இங்கே அள்ளுகிறவரை யாரும் கவனிப்பதில்லை. அள்ளாதவரை ஊரே பார்க்கும். இன்னொன்று: ஏழு மாதம் ஆன நாய்க்கு ஆண்டுதோறும் டவுன்ஷிப்பில் லைசென்ஸ் வாங்க வேண்டும், ரேபிஸ் ஊசிச் சான்றோடு. கொடுத்தே பழகிய கை, இப்போது வாங்கிப் பார்க்கட்டும்.

எனக்கு எழுபத்தாறு. இடுப்பெலும்பு பயம். நாய் இழுத்துத் தள்ளிவிட்டால்?
*ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, பிளெயின்ஸ்பரோ*

பயம் நியாயமானது, டீச்சர். அமெரிக்காவில் நாயை லீஷில் கட்டி நடத்தும்போது எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வந்த 65 வயது கடந்தவர்கள் 2004இல் சுமார் 1,671 பேர், 2017இல் 4,396. நாலில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். முறிந்ததில் இடுப்பெலும்பு முக்கியமானது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கு இது. நாய் நல்லது என்று எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே குட்டி வேண்டாம். குட்டி என்பது நாலு கால் உள்ள அணில்வெடி. ஐந்தாறு வயதைத் தாண்டிய, சின்ன உடம்புள்ள, பிறர் வளர்த்துப் பழக்கிய நாயாகப் பாருங்கள். பிரின்ஸ்டனில் 1941இல் தொடங்கி இப்போது ஸ்கில்மனில் இருக்கும் 'சேவ்' போன்ற காப்பகங்களில் அப்படிப்பட்டவை வருவதுண்டு. நேரில் போய் லீஷைப் பிடித்து நடந்து பார்த்தபின் முடிவு செய்யுங்கள். லீஷைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இழுத்தால் விட்டுவிடும்படி பிடிக்க வேண்டும். நாய் ஓடினால் திரும்பி வரும், இடுப்பு வராது. சுருள்கிற நீளக் கயிறு வேண்டாம். தெருவில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கண்ணாடி படர்ந்த காலைகளில் நாய்க்குக் கொல்லைப்புறமே போதும். அன்றைக்கு 2,760 அடியை மறந்துவிடுங்கள்.

ராஜபாளையத்துக்காரன் நான். எங்கள் ஊர் நாயை இங்கே வரவழைக்க ஆசை.
*ஒரு வாசகர், வெஸ்ட் வின்ட்சர்*

2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். அதை வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டுங்கள். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட, ஓடப் பிறந்த நாயை ஒரு டவுன்ஹவுஸில் அடைத்து, அமேசான் பையன் வரும்போதெல்லாம் பிடித்துக்கொள்ள உங்களால் ஆகாது. 'இதுவரை யாரையும் கடித்ததில்லை' என்பது நியூ ஜெர்ஸியில் எடுபடாத வாதம்; முதல் கடிக்கே வளர்த்தவர்தான் பொறுப்பு.

உண்ணி பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?
*கால்வாய்க் கரையில் நடப்பவர்*

பயமுறுத்தட்டும், நல்லதுக்குத்தான். மான்கள் சுற்றும் ஊர் இது. மான் உண்ணியால் வரும் லைம் நோய் நியூ ஜெர்ஸியில் சாதாரணம். டெலவேர்-ராரிட்டன் கால்வாய்ப் பாதையில் நடந்து திரும்பியதும் நாயின் காது மடலையும் விரலிடுக்கையும் பாருங்கள். பிறகு உங்கள் முழங்கால் மடிப்பையும். நாய்க்கு மாத்திரை உண்டு. உங்களுக்கு முழுக் கால்சட்டைதான்.

ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் மாம்பலத்தில் இருக்கிறோம். நாயைக் கூடவே கொண்டுபோய் வரலாமா?
*ஒரு தம்பதி*

உங்கள் விசாவைவிடச் சிக்கல். இந்தியாவுக்கு நாய் கொண்டுபோக முன்கூட்டித் தடையில்லாச் சான்று வேண்டும். விதிகள் குடிபெயர்ந்து திரும்புகிறவர்களை நினைத்து எழுதப்பட்டவை, போய்வருகிறவர்களை அல்ல. திரும்பி வரும்போது 2024 ஆகஸ்ட் முதல் அமலுக்கு வந்த அமெரிக்க விதிகள்: ஆறு மாத வயது, மைக்ரோசிப், படிவம், ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால் தடுப்பூசிக்கும் அத்தாட்சி. இவ்வளவையும் முடித்த பிறகு அந்த ஜீவன் விமானத்தில் அத்தனை மணி நேரம். வேண்டாமே.

நாய் உங்களுடையதாக இருந்தே ஆக வேண்டுமா? பக்கத்து வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் மத்தியானம் நாயை நடத்த ஆளில்லாமல் தவிப்பார்கள். உதவியாகச் செய்யுங்கள், விசிட்டர் விசாவில் இருந்தால் காசு வாங்கக் கூடாது. மகன் வீட்டில் எல்லோரும் கைகொடுப்பார்கள் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. மோரிஸ்டவுனில் 'தி சீயிங் ஐ' என்று பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் நிறுவனம் இருக்கிறது, 1929இல் தொடங்கியது. ஏழெட்டு வாரக் குட்டியைத் தன்னார்வக் குடும்பங்களிடம் கொடுத்து, ஒரு வயது தாண்டியதும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். பிரியும்போது அழுகை வரும். குட்டியைத் துரத்த வீட்டில் இளம் கால்கள் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எனக்குப் பிறகு என் நாய்க்கு யார்?
*வயது 79, ஈஸ்ட் வின்ட்சர்*

நல்ல கேள்வி; நாய் வாங்கும் முன் கேட்டிருந்தால் இன்னும் நல்லது. நியூ ஜெர்ஸிச் சட்டம் செல்லப்பிராணிக்காக அறக்கட்டளை எழுத அனுமதிக்கிறது: யார் பார்த்துக்கொள்வது, செலவுக்கு எவ்வளவு என்று எழுதி வைக்கலாம். அவ்வளவு சொத்து இல்லை என்றால், சம்மதித்த ஒருவரின் பெயரையும் எண்ணையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். நீங்கள் திடீரென்று மருத்துவமனைக்குப் போகிற அன்றைக்கும் அது உதவும். 'பசங்க பாத்துப்பாங்க' என்று விட்டுவிடாதீர்கள். பசங்களைக் கேளுங்கள்.

நிஜ நாய்க்குப் பதில் ரோபோ நாய் வந்துவிட்டதாமே?
*ஒரு சாஃப்ட்வேர் மகன்*

ஜப்பானில் பாரோ என்று ஒரு ரோபோ கடல்நாய்க்குட்டியே இருக்கிறது. 2009இல் அமெரிக்காவில் மருத்துவக் கருவியாக அங்கீகாரம் பெற்றது. மறதி முற்றியவர்களை அமைதிப்படுத்த முதியோர் இல்லங்களில் பயன்படுகிறது. உங்கள் அப்பாவுக்கு அது வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், முதலில் அவரோடு நீங்கள் நடக்கப் போங்கள். உங்களுக்கு சார்ஜ் போட வேண்டாம்.

எங்கள் வீடு குரோவர்ஸ் மில் பக்கம். நாய் ராத்திரியில் வானத்தைப் பார்த்துக் குரைக்கிறது. என்னவாக இருக்கும்?
*தூக்கமிழந்தவர்*

1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகத்தில் செவ்வாய்க்கிரகத்தார் வந்து இறங்கியது உங்கள் பேட்டையில்தான். வேன் நெஸ்ட் பூங்காவில் அதற்கு நினைவுச் சின்னம்கூட வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு மனிதர்கள்தான் ஏமாந்தார்கள். நாய் குரைப்பது கொல்லையில் மேய்கிற மானைப் பார்த்து. அடுத்த தடவை விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

நாய் வந்துவிட்டது. நல்ல தமிழ்ப் பெயராகச் சொல்லுங்கள்.
*அதே வங்கி மேலாளர்*

சேர்ந்துவிட்டீர்களா! இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்தான் நாய்க்குச் சட்டென்று பிடிபடும்: மணி, வீரா, முத்து. பார்க்கில் உரக்கக் கூப்பிட வேண்டியிருக்கும் என்பதால், சம்பந்தி வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.